மால்கம் மார்ஷலுக்காக நம்மூர் ரசிகர்கள் ஏன் வருந்தினார்கள்?

கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், வேறெதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா. ஒவ்வொரு நவம்பர் 4-ஆம் தேதியும் உங்கள் அப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மால்கம் மார்ஷலின் படத்தைப் போடுகிறார். 1999-இல் அந்தச் செய்தி வந்த அன்று அவர் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்ததாக உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார். மார்ஷலோ பார்படாஸ்காரர், மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு வேகப்பந்து வீசி நம் அணியை ஓட ஓட விரட்டியவர். எதிரணி ஆளுக்கு இத்தனை வருஷம் கழித்தும் துக்கம் எதற்கு, 41 வயதில் போய்விட்டதால்தான் 'எல்லாரிலும் சிறந்தவர்' என்கிற பட்டம் கிடைத்ததா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. பட்டம் செத்த பிறகு வந்ததா என்பதற்கு ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். துக்கம் எதற்கு என்பதற்கு என் அபிப்பிராயத்தைத்தான் சொல்ல முடியும்.

நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன்களில் சில காலம் வேகமாகப் பந்து போட்டவன். அப்புறம் பல வருஷமாகப் பையன்களுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிறேன். ஆக்‌ஷன் (பந்தை விடும் விதம்), லென்த் (பந்து குத்தும் இடம்), ஸ்விங் (பந்து காற்றில் வளைவது) பற்றிப் பேசும்போது என் தொழிலை வைத்துப் பேசுகிறேன். பார்படாஸுக்கு நான் போனதில்லை, மருத்துவமும் படித்ததில்லை. அங்கே நடந்ததெல்லாம் பத்திரிகையிலும் பதிவுகளிலும் படித்துத் தெரிந்துகொண்டவை.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை. பட்டம் செத்த பிறகு வரவில்லை. 81 டெஸ்ட், 376 விக்கெட், சராசரி 20.94 (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைவாக இருந்தால் நல்லது). அவர் 1991-இல் கடைசி டெஸ்டை ஆடி முடித்தபோதே இந்தக் கணக்கு முடிந்துவிட்டது. 200 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர்களில் அவ்வளவு குறைந்த சராசரி அதன் பிறகும் வெகுகாலம் யாருக்கும் இல்லை. அவருக்கு வெகு அருகே நின்றவர்களும் மேற்கிந்தியத் தீவுக்காரர்கள்தான்: ஜோயல் கார்னர் 20.97, கர்ட்லி ஆம்ப்ரோஸ் 20.99. 2024 டிசம்பரில் மெல்போர்னில் பும்ரா 200-ஐத் தொட்டபோதுதான் அந்த வரிசையில் மார்ஷலுக்கு மேலே ஒரு பெயர் ஏறியது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் டெஸ்ட் ஆடியது ஐந்தே ஐந்து நாடுகளோடு. இங்கிலாந்துக்கு எதிராக 127 விக்கெட், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 87, நமக்கு எதிராக 76, பாகிஸ்தானுக்கு எதிராக 50, நியூஸிலாந்துக்கு எதிராக 36. கூட்டிப் பாருங்கள், 376 வரும். ஐந்தில் எந்த அணிக்கு எதிராகவும் சராசரி 23-ஐத் தாண்டவில்லை. புதிதாக வந்த பலவீனமான அணி ஒன்றிடம் மூட்டை கட்டிய விக்கெட் ஒன்றுகூட இந்தக் கணக்கில் கிடையாது. அதனால் இளமையில் போனவர் என்கிற இரக்கம் சேர்த்துப் போடாமலே அவர் முதல் வரிசை ஆள்தான். அந்த வரிசையில் முதல் ஆள் அவரா, லில்லியா, ஹேட்லியா, ஆம்ப்ரோஸா, அக்ரமா என்றால் அது டீக்கடைச் சண்டை. எனக்கு மார்ஷல். உங்களுக்கு வேறொருவராக இருந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எண்களை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்போம். மார்ஷலின் உயரம் 5 அடி 11 அங்குலம். நம்மூரில் அது உயரம்தான். ஆனால் அவரைச் சுற்றி நின்றவர்களைப் பாருங்கள்: கார்னர் 6 அடி 8, ஆம்ப்ரோஸ் 6 அடி 7. உயரமானவர் கையிலிருந்து பந்து செங்குத்தாக இறங்கும், குத்தி மேலே எழும்பும். நல்ல பேட்ஸ்மேன் அதன் உயரத்தைப் பார்த்தே விட்டுவிடலாம். மார்ஷலின் பந்து அப்படி எழும்பாது. தாழ்ந்த கோணத்தில் வந்து குத்தி, வேகம் குறையாமல் சறுக்கிக்கொண்டு வரும். அவருடைய பவுன்சர் தலைக்கு மேலே போகாமல் தொண்டைக்கு வரும். குனிந்தால் ஹெல்மெட்டில் படும், நிமிர்ந்தால் கையுறையில் படும். நெட்ஸில் குள்ளமான பையன் ஒருவன் வேகமாக வீசினால் மூத்த பேட்ஸ்மேன்கள் கூடத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன், காரணம் இதேதான்.

இன்னொன்று அவர் ஆக்‌ஷன். அந்தக் காலத்துப் பாடப்படி பந்து விடும்போது இடது தோள் பேட்ஸ்மேனைப் பார்க்க வேண்டும், உடம்பு பக்கவாட்டில் இருக்க வேண்டும். மார்ஷல் சாய்கோணத்தில் ஓடிவந்து மார்பைத் திறந்தபடி வீசினார். அப்படி வீசினால் பந்து பொதுவாக உள்ளேதான் வரும், வெளியே கொண்டுபோவது கஷ்டம். அவர் அதே ஆக்‌ஷனில் இரண்டு பக்கமும் ஸ்விங் செய்தார். கை வரும் வேகத்தில் மணிக்கட்டைப் பார்த்துப் படிக்க முடியாது. இதெல்லாம் போதாதென்று பின்னாளில் லெக் கட்டர் வேறு, அதாவது குத்திய பிறகு வலது கை பேட்ஸ்மேனை விட்டு வெளியே திரும்பும் பந்து. எங்கள் பகுதியில் 5 அடி 8 அங்குலப் பையனிடம் "உனக்கு ஹைட் பத்தாது, ஸ்பின் போடு" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டு என்னிடம் வருகிற பையனுக்கு நான் முதலில் காட்டுவது மார்ஷலின் வீடியோவைத்தான்.

தலையும் வேலை செய்தவர் என்பதற்கு 1988-இல் இங்கிலாந்தின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் ஆடிய டெஸ்ட் போதும். மெதுவான ஆடுகளம், வேகத்துக்கு அங்கே சம்பளம் இல்லை. மார்ஷல் வேகத்தைக் குறைத்து ஸ்விங்குக்கும் கட்டருக்கும் மாறினார். 22 ரன் கொடுத்து 7 விக்கெட், இங்கிலாந்து 93-க்கு ஆல் அவுட். அதுதான் அவருடைய சிறந்த பந்துவீச்சு. அந்தத் தொடரில் மட்டும் 35 விக்கெட், சராசரி 12.65.

தைரியத்துக்கு எல்லாரும் சொல்வது 1984-இல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் ஆடிய டெஸ்ட். ஃபீல்டிங்கில் இடது கட்டைவிரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மேட்சில் இனி அவர் இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது அவர் அணியின் லாரி கோம்ஸ் 96 ரன்னில் நின்றார். மார்ஷல் இடது கையில் கட்டோடு இறங்கி, ஒற்றைக் கையால் மட்டையைப் பிடித்து ஆடினார், பவுண்டரியும் அடித்தார். கோம்ஸுக்குச் சதம் வந்தது. அப்புறம் அதே கட்டோடு பந்து வீசி 53 ரன்னுக்கு 7 விக்கெட். இங்கிலாந்தின் ஃபௌலரைத் தன் பந்திலேயே தானே கேட்ச் பிடித்தும் அவுட் ஆக்கினார். இது வளர்த்துச் சொன்ன கதை இல்லை, படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இனி நம் கணக்கு. 1983 ஜூன் 25, லார்ட்ஸ். உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு மார்ஷல் அன்றைக்கே வீட்டுக்குள் வந்துவிட்டார். அதற்கு முன்பே லீக் ஆட்டத்தில் வெங்சர்க்காரின் தாடையைப் பதம் பார்த்து உலகக் கோப்பையிலிருந்தே அனுப்பியிருந்தார். இறுதிப் போட்டியில் கடைசி ஆளாக வந்த பல்விந்தர் சந்துவின் ஹெல்மெட்டில் ஒரு பவுன்சர். சந்து தலையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி நின்றார், கிர்மானியோடு 22 ரன் சேர்த்தார். நமக்கு 183. மேற்கிந்தியத் தீவுகள் 76-க்கு 6 ஆனபிறகு டுஜோனும் மார்ஷலும் சேர்ந்து 43 ரன் எடுத்தார்கள். அந்த நேரத்தில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும், மேட்ச் கையைவிட்டுப் போகிறது என்றே நினைத்தார்கள். மொஹிந்தர் அமர்நாத் பந்தில் கவாஸ்கர் கேட்ச் பிடித்து மார்ஷலை 18-இல் அனுப்பியபோதுதான் மூச்சு வந்தது.

அந்தத் தோல்விக்குப் பதில் சொல்ல நான்கு மாதத்தில் அவர்கள் இந்தியா வந்தார்கள். கான்பூரில் மார்ஷல் பந்து பட்டு கவாஸ்கரின் மட்டை கையிலிருந்து தெறித்தது. அதே டெஸ்டில் மார்ஷல் மட்டையாலும் 92 ரன் அடித்தார், அதுதான் டெஸ்டில் அவருடைய அதிகபட்சம். ஆறு டெஸ்டில் 33 விக்கெட். தொடரை அவர்கள் 3-0 என்று எடுத்துக்கொண்டார்கள், ஒருநாள் ஆட்டங்களை 5-0. கோப்பை வாங்கிய சந்தோஷம் ஆறு மாதம் தாங்கவில்லை.

கடைசி டெஸ்ட் சேப்பாக்கத்தில், டிசம்பர் 24-ஆம் தேதி தொடங்கியது. உங்கள் அப்பா சென்னைக்காரர் என்றால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள், அவரோ அவர் நண்பர்களோ ஸ்டாண்டில் இருந்திருப்பார்கள். நான் பள்ளிக்கூடப் பையன், சிமெண்ட் படிக்கட்டில் அண்ணன் மடியில் பாதி, படியில் பாதியாக உட்கார்ந்திருந்தேன். புதுப்பந்துக்கு முன்னால் முதலில் இறங்க வேண்டாம், நான்காவதாக இறங்குகிறேன் என்று கவாஸ்கர் முடிவு செய்திருந்தார். மார்ஷல் கெய்க்வாடையும் வெங்சர்க்காரையும் பூஜ்யத்தில் அனுப்பினார். ஸ்கோர் பலகையில் 0-க்கு 2. தள்ளிப் போட்ட ஆள் அதே புதுப்பந்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியதாயிற்று. நீ எந்த இடத்தில் இறங்கினாலும் ஸ்கோர் பூஜ்யம்தானே என்று அவர்கள் அணியின் விவ் ரிச்சர்ட்ஸ் ஸ்லிப்பிலிருந்து கிண்டல் செய்ததைக் கவாஸ்கரே பின்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த இன்னிங்ஸில் கவாஸ்கர் 236 நாட் அவுட். பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டிய 30-ஆவது சதம் அது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த 236-ஐச் சென்னைக்காரர்கள் கொண்டாடும்போதெல்லாம் எதிரே ஓடிவந்தது யார் என்பதும் கூடவே நினைவுக்கு வரும். சாதாரணப் பந்துவீச்சை அடித்த 236-ஆக இருந்தால் இத்தனை வருஷம் பேசுவோமா? நம் ஆளின் பெருமையில் பாதியை அந்த ஆள்தான் எழுதினார். எதிரணிக்காரர் என்ற சொல்லை வைத்து உங்கள் அப்பாவின் துக்கத்தை அளந்தால் கணக்கு இடிப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

1999-க்கு வருவோம். இங்கிலாந்தில் உலகக் கோப்பை. மார்ஷல் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் பயிற்சியாளர். அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதுதான் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. ரிச்சர்ட்ஸ் அவர் இடத்தைப் பார்த்துக்கொண்டார். சிகிச்சை நடந்தது. செப்டம்பர் 25-ஆம் தேதி, நெடுநாள் துணையான கோனியை இங்கிலாந்திலேயே திருமணம் செய்துகொண்டார். அப்புறம் ஊருக்குத் திரும்பினார். நவம்பர் 4-ஆம் தேதி பிரிட்ஜ்டவுனில் இறந்தார். மே மாதம் அணியோடு மைதானத்தில் நின்ற ஆள் நவம்பரில் இல்லை. முன்பே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அப்போது நிறையப் பேர் பேசினார்கள். அது மருத்துவர்கள் சொல்ல வேண்டிய பதில், நான் வாய் வைக்க மாட்டேன்.

நம்மூரில் அந்த வாரப் பத்திரிகை முழுக்க ஒடிசாப் புயல். அக்டோபர் 29-ஆம் தேதி கரையைக் கடந்த அந்தப் புயலின் சாவுச் செய்திகள் தினமும் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தன. மார்ஷல் செய்தி விளையாட்டுப் பக்கத்தில்தான் இருந்தது. அன்று காலை நெட்ஸுக்கு வந்த எங்கள் கிளப் மூத்தவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு பேடைக் கட்டாமல் அதையே பேசிக்கொண்டு நின்றார்கள். 'பாவம்' என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. "அந்தாளுக்கா?" என்றுதான் கேட்டார்கள். அந்த உடம்பு தோற்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை. பேட்ஸ்மேனை நாம் அவன் ஷாட்டை வைத்து நினைவில் வைக்கிறோம், வேகப்பந்துக்காரனை அவன் ஓட்டத்தை வைத்து. அவன் உடம்புதான் அவனுடைய கலை. கட்டைவிரல் உடைந்தும் 7 விக்கெட் எடுத்த உடம்பை நோய் சில மாதத்தில் தின்றுவிட்டது என்பதை ரசிகர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பார்படாஸின் துக்கம் வேறு அளவு. அந்தத் தீவின் மொத்தப் பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இன்றைய சென்னை மாநகராட்சி எல்லை. வெஸ் ஹால், கிரிஃபித், கார்னர், வேய்ன் டேனியல், சில்வெஸ்டர் கிளார்க், மார்ஷல் எல்லாரும் அந்தச் சின்ன இடத்துப் பிள்ளைகள். மார்ஷலுக்கு ஒரு வயது இருக்கும்போது போலீஸ்காரரான அப்பா சாலை விபத்தில் இறந்தார்; தாத்தாதான் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்தார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. இறுதிச் சடங்கு சர் கார்ஃபீல்ட் சோபர்ஸ் உள்ளரங்கத்தில் நடந்தது. சவப்பெட்டியை மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டன்களாக இருந்தவர்கள் சுமந்தார்கள். முன்னாளில் மிரட்டும் வேகப்பந்து வீச்சாளராக இருந்து, பின்னாளில் மதகுருவான வெஸ் ஹால் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார். புனித பர்த்தலோமேயு தேவாலயத்தில் அடக்கம். அதோடு முடியவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி பழைய தொடக்க ஆட்டக்காரர் கான்ராட் ஹண்ட் சிட்னியில் இறந்தார். மறுநாள், மார்ஷல் போய்ச் சரியாக ஒரு மாதத்தில், கிளார்க் 44 வயதில் தன் வீட்டில் விழுந்து இறந்தார். ஒரு மாதத்துக்குள் மூன்று சாவு. சின்ன ஊரில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கிலாந்தின் உள்நாட்டு (கவுண்டி) அணிகளில் ஒன்றான ஹாம்ப்ஷயரின் ரசிகர்களும் தங்கள் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் இருந்தார்கள். அவர் 1979 முதல் 1993 வரை ஒரே கவுண்டியில் இருந்தார், 1982 சீசனில் மட்டும் 134 விக்கெட். காசுக்காகத் தாவிக்கொண்டே இருப்பது இன்றைக்கு வழக்கமாகிவிட்டதால் இது விநோதமாகத் தெரியலாம். ஹாம்ப்ஷயர் 1988-இலும் 1991-இலும் லார்ட்ஸில் கோப்பை வென்றபோது அவர் இல்லை, இரண்டு வருஷமும் மேற்கிந்தியத் தீவுகள் அணியோடு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். 1992-இல்தான் லார்ட்ஸில் அவருக்கு அந்த நாள் வாய்த்தது. கவுண்டியின் புதிய மைதானத்துக்குப் போகிற சாலைக்கு மார்ஷல் டிரைவ் என்று பெயர். அவரோடு அதே குடும்பப் பெயர் கொண்ட ராய் மார்ஷலுக்கும் சேர்த்து வைத்தது. பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவலில் ஒரு முனை மார்ஷல் பெயரில், எதிர் முனை கார்னர் பெயரில்.

என்னைப் போன்று சொல்லிக்கொடுப்பவர்களுக்கு வலிப்பது வேறிடம். ஆடுவதை நிறுத்திய பிறகு மார்ஷல் தனக்குத் தெரிந்ததை ஒளித்துவைத்தவர் இல்லை. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் அணிக்கு ஆடப் போன இடத்தில் ஷான் பொல்லாக் என்கிற இளைஞர் கிடைத்தார். பொல்லாக் பின்னால் 421 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். மார்ஷலிடம் கற்றதை அவர் சொல்லாத இடம் இல்லை. 1998-இல் ஜோகன்னஸ்பர்கில் கோர்ட்னி வால்ஷ் 376-ஐத் தாண்டினார். அப்போது அந்த அணிக்குப் பயிற்சியாளர் மார்ஷல். தன் சாதனை உடைவதைப் பெவிலியனில் இருந்து பார்த்தவர் அவர். 41 வயது என்பது ஆட்டக்காரனுக்கு முடிவு, ஆனால் ஆசிரியனுக்கு ஆரம்பம். பந்துவீச்சை அவர் முழுசாகக் கொடுத்துவிட்டார். பாடத்தில் பாதிதான் வெளியே வந்தது என்பது என் எண்ணம்.

இதோடு இன்னொரு சாவும் சேர்ந்துகொண்டது. 1980-இலிருந்து 1995 வரை மேற்கிந்தியத் தீவுகள் ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்கவில்லை. 1991-இல் லண்டன் ஓவலில் மார்ஷல் கடைசி டெஸ்டை ஆடியபோது ரிச்சர்ட்ஸுக்கும் டுஜோனுக்கும் அதுவே கடைசி. 1998-99-இல் தென்னாப்பிரிக்காவில் 5-0 என்று உதை வாங்கியபோது பயிற்சியாளர் மார்ஷல்தான். அவர் இறந்த அடுத்த மாதமே நியூஸிலாந்தில் இரண்டு டெஸ்டிலும் தோல்வி. 2000-இல் இங்கிலாந்து 31 வருஷத்துக்குப் பிறகு அவர்களைத் தொடரில் தோற்கடித்தது. அந்த அணியின் வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருந்த ரசிகனுக்கு மார்ஷலின் சாவும் அந்த அணியின் சாவும் ஒரே செய்தியாகத்தான் தெரிந்திருக்கும். அவர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாரியச் சண்டை, காசு, ஆடுகளங்கள் செத்துப்போனது, பிள்ளைகள் வேறு ஆட்டத்துக்குப் போனது என்று பல காரணங்கள் இருந்தன. ஒரு பயிற்சியாளர் அதையெல்லாம் தூக்கி நிறுத்த முடியாது. சில பந்துவீச்சாளர்களை அவர் செதுக்கியிருப்பார், அவ்வளவுதான்.

சாவு அவரைப் பற்றிய பேச்சைக் கொஞ்சம் மாற்றியதா என்றால், மாற்றியது. அஞ்சலிகளில் அவர் சிரித்த முகமாக, எல்லாருக்கும் நண்பராக வருகிறார். அது பொய் இல்லை. ஆனால் 1984-இல் எட்ஜ்பாஸ்டனில் ஆண்டி லாயிட் என்கிற இங்கிலாந்து வீரர் தன் முதல் டெஸ்டில் அரைமணி நேரம் ஆடியபோது மார்ஷல் பந்து தலையில் பட்டு மருத்துவமனைக்குப் போனார், அப்புறம் டெஸ்டே ஆடவில்லை. அதே தொடரில் இரவுக் காவலனாக (நாள் முடியும் நேரத்தில் நல்ல பேட்ஸ்மேனைக் காப்பாற்ற முன்கூட்டி இறங்கும் ஆளாக) வந்த பாட் போகாக் என்கிற சுழற்பந்து வீச்சாளருக்கும் பவுன்சர் மேல் பவுன்சர். 1986-இல் ஜமைக்காவில் மைக் கேட்டிங்கின் மூக்கு உடைந்து, எலும்புத் துண்டு பந்தில் சிக்கியிருந்தது. ஊர் திரும்பிய கேட்டிங்கிடம், முகமெல்லாம் கட்டும் வீக்கமுமாக அவர் நிற்கும்போது, பந்து சரியாக எங்கே பட்டது என்று ஒரு நிருபர் கேட்டது தனிக்கதை. இரங்கல் கட்டுரைகள் இதையெல்லாம் அடக்கி வாசிக்கும். நான் அடக்கமாட்டேன். அந்தக் கொடூரம் இல்லாமல் மார்ஷல் இல்லை. நம் ஆட்கள் அவரை நினைத்துப் பயந்தார்கள் என்பதுதான் உண்மை.

அவர்தான் எல்லாரிலும் வேகமானவர் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். 80-களின் வேகக் கணக்கீடுகளை இன்றைய ராடார் எண்களோடு ஒப்பிட முடியாது. பழைய வீடியோ ஃபிரேமை எண்ணி வேகம் சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை.

அப்படியானால் ஏன் அழுகிறார்கள்? தங்கள் இளமை போனதற்காக அழுகிறார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அப்படியானால் 1983-இல் ஆடிய எல்லாருக்கும் அதே துக்கம் வர வேண்டுமே, வருவதில்லை. ஒருவனை வெறுத்துக்கொண்டே அவன் திறமையை ஒவ்வொரு பந்தாகக் கவனித்தவர்கள், அவன் அவுட் ஆக வேண்டும், காயம்பட்டு உட்கார வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டவர்கள், அவன் நிஜமாகவே சாய்ந்தபோது அந்த வேண்டுதலை நினைத்துக் கூசினார்கள். நான் பேசிப் பார்த்த அந்தத் தலைமுறையினரிடம் துக்கத்தோடு இந்தக் கூச்சத்தையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் அப்படியா என்பது எனக்குத் தெரிய வழியில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்றைக்கு இப்படி ஆற அமர வருந்த நேரமும் இல்லை. 2023 ஆகஸ்டில் ஜிம்பாப்வேயின் ஹீத் ஸ்ட்ரீக் இறந்துவிட்டார் என்று செய்தி பரவி உலகமே இரங்கல் தெரிவித்தது. தான் உயிரோடு இருப்பதாக அவரே சொல்ல வேண்டியிருந்தது. பதினோரு நாள் கழித்து, செப்டம்பர் 3-ஆம் தேதி, 49 வயதில் அவர் உண்மையிலேயே இறந்தபோது பலர் முதலில் நம்பவில்லை. ஜிம்பாப்வேக்காக 216 டெஸ்ட் விக்கெட் எடுத்தவருக்கு அரை மனதாக இரண்டாவது அஞ்சலி. மார்ஷல் விஷயத்தில் பத்திரிகை ஒருமுறை சொன்னது, அவ்வளவுதான்.

வீடியோ பார்ப்பதாக இருந்தால் ஹெடிங்லியில் தொடங்காதீர்கள், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே பந்தைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். முதலில் 1988 ஓல்ட் டிராஃபோர்டு. மணிக்கட்டை மட்டும் பாருங்கள், எந்தப் பந்து உள்ளே வரும், எது வெளியே போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முயன்று பாருங்கள். அப்புறம் 1983 இறுதிப் போட்டியில் சந்துவின் ஹெல்மெட்டில் பட்ட பந்து. அது எவ்வளவு தாழ்வாக வந்து எவ்வளவு சீக்கிரம் முகத்துக்கு வருகிறது என்று பார்த்தால் நான் மேலே உயரத்தைப் பற்றிச் சொன்னது புரியும். ஹெடிங்லியைக் கடைசியில் வையுங்கள், அதை அப்பாவோடு சேர்ந்து பாருங்கள். கிராஃபிக்ஸ் இல்லாத பழைய ஒளிபரப்பு அது, எந்த ஓவரில் என்ன நடக்கப்போகிறது என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.